தனித்தனியே சுதந்திரம், சேர்த்தால் சிக்கல்

2011 பிப்ரவரியில் டெபியன் லினக்ஸின் ஆறாவது பதிப்பு வெளிவந்தது. அதில் போஸ்ட்கிரெஸ் தரவுத்தளத்தைப் பயன்படுத்திய பலருக்கு ஒரு தலைவலியும் கூடவே வந்தது. தரவுத்தளத்துக்குக் கட்டளை கொடுக்கும் பிஎஸ்க்யூஎல் என்ற கருவியில் ஆங்கிலமல்லாத எழுத்துகளை ஒழுங்காகத் தட்டச்சு செய்ய முடியவில்லை. யூடிஎஃப்-8 முறையில் ஆங்கில எழுத்துக்கு ஒரு பைட் போதும். தமிழின் ‘க’ மூன்று பைட் எடுத்துக்கொள்ளும். ஒரு பைட்டை ஓர் எழுத்தாகவே எண்ணும் கருவிக்கு, கர்சரை எங்கே நிறுத்துவது, எதை அழிப்பது என்று விளங்காது. முந்தைய பதிப்பில் இந்தத் தொல்லை இல்லை. நிரலில் யாரும் பிழை செய்துவிடவும் இல்லை. இரண்டு உரிமங்களில் இருந்த இரண்டு நிபந்தனைகள் ஒத்துப்போகாததால், நன்றாக ஓடிக்கொண்டிருந்த ஒரு லைப்ரரியைக் கழற்றிவிட்டு வேறொன்றைப் பொருத்த வேண்டியதாயிற்று.

கழற்றப்பட்டது ரீட்லைன். மேல் அம்புக்குறியை அழுத்தினால் பழைய கட்டளை திரும்ப வருவது, வரியின் நடுவே போய்த் திருத்துவது போன்ற வேலைகளைச் செய்யும் குனூ லைப்ரரி அது. அதன் உரிமம் ஜிபிஎல். பிஎஸ்க்யூஎல்லின் சொந்த உரிமம் மிகத் தாராளமானது. பதிப்புரிமை அறிவிப்பை அப்படியே வைத்திருந்தால் போதும், எதுவும் செய்துகொள்ளலாம். மூன்றாவது ஆள் ஓப்பன்எஸ்எஸ்எல். தரவுத்தள இணைப்பை மறையாக்கம் செய்வது அதன் வேலை. மூன்றுமே திறமூல மென்பொருள்கள். மூன்றையும் டெபியன் தனித்தனியே தாராளமாகக் கொடுத்து வந்தது. மூன்றும் சேர்ந்த ஒரே நிரலைத்தான் கொடுக்க முடியாது என்று அவர்கள் முடிவு செய்தார்கள்.

இது ஏன் என்று புரிய, லிங்கிங் எப்படி நடக்கிறது என்று கொஞ்சம் பார்க்க வேண்டும். மூலநிரலைக் கம்பைலர் இயந்திர மொழிக்கு மாற்றும்போது, வெளியிலுள்ள செயல்கூறுகளை அழைக்கும் இடங்களில் வெறும் பெயரை மட்டும் எழுதி வைக்கிறது. அந்தப் பெயருக்கு உரிய நிரலைத் தேடிச் சேர்ப்பது லிங்கர். ஸ்டாட்டிக் லிங்கிங்கில் லைப்ரரியின் தேவையான பகுதி அப்படியே பிரதி எடுக்கப்பட்டு உங்கள் கோப்புக்குள் வந்துவிடும். டைனமிக் லிங்கிங்கில் ‘இந்த லைப்ரரி எனக்கு வேண்டும்’ என்ற குறிப்பு மட்டுமே கோப்பில் இருக்கும். நிரலை இயக்கும் நொடியில் லோடர் அந்த லைப்ரரியைத் தேடிப் பிடித்து நினைவகத்தில் ஏற்றி, அழைப்புகளை உரிய முகவரிகளோடு கோக்கும். லினக்ஸில் ‘எல்டிடி’ என்ற கட்டளையைக் கொடுத்தால் ஒரு நிரலுக்கு வேண்டிய லைப்ரரிகளெல்லாம் வரிசையாக வந்து நிற்கும்.

அந்தப் பட்டியலில் நிரலாளர் கேட்டவை மட்டும் இருக்காது. அவர் கேட்ட லைப்ரரிகள் கேட்டவையும் இருக்கும், அவை கேட்டவையும் இருக்கும். தரவுத்தளத்தோடு பேச பிஎஸ்க்யூஎல் நம்பியிருப்பது லிப்பிக்யூ என்ற லைப்ரரியை. ஓப்பன்எஸ்எஸ்எல் அதன் வழியாக உள்ளே வந்தது. ரீட்லைனை எழுதியவர்களும் ஓப்பன்எஸ்எஸ்எல்லை எழுதியவர்களும் ஒருவரையொருவர் மனத்தில் வைத்து எழுதவில்லை. பொதியைக் கட்டுபவரின் கையில்தான் அவர்கள் முதன்முதலாகச் சந்திக்கிறார்கள். சந்திப்பு சரிப்படுமா என்று பார்க்க வேண்டியவரும் அவரே.

இனி உரிமங்கள். பதிப்புரிமைச் சட்டப்படி, எழுதியவர் அனுமதி கொடுக்காத வரை ஒரு நிரலைப் பிரதி எடுத்துப் பிறருக்குக் கொடுக்க யாருக்கும் உரிமை இல்லை. திறமூல உரிமம் என்பது நிபந்தனையோடு கொடுக்கப்பட்ட அந்த அனுமதி. 1991 ஜூனில் வெளியான ஜிபிஎல் இரண்டாம் பதிப்பின் நிபந்தனையைச் சுருக்கமாகச் சொன்னால்: என் நிரலை உள்ளடக்கிய படைப்பை நீ விநியோகித்தால், அந்தப் படைப்பு முழுவதையும் மூலநிரலோடு இதே உரிமத்தின்கீழ் கொடுக்க வேண்டும், வாங்குபவர்மீது இந்த உரிமத்தில் இல்லாத எந்தக் கூடுதல் கட்டுப்பாட்டையும் சுமத்தக் கூடாது. அதன் ஆறாம் பிரிவிலுள்ள இந்தக் கடைசிப் பகுதிதான் எல்லாவற்றுக்கும் மூலம்.

ஓப்பன்எஸ்எஸ்எல் 1998 டிசம்பரில் தொடங்கியது. எரிக் யங்கும் டிம் ஹட்சனும் உருவாக்கிய எஸ்எஸ்எல்இஏஒய் என்ற லைப்ரரியின் தொடர்ச்சி அது. அதன் பழைய உரிமத்தில் ஒரு விளம்பர நிபந்தனை உண்டு: இந்த மென்பொருளைக் குறிப்பிட்டு நீங்கள் எந்த விளம்பரம் செய்தாலும், அதில் ஓப்பன்எஸ்எஸ்எல் திட்டத்துக்கு நன்றி சொல்லும் குறிப்பிட்ட வாசகம் இடம்பெற வேண்டும். கேட்பதற்கு நியாயமான ஆசைதான். ஆனால் ஜிபிஎல்லில் அப்படியொரு நிபந்தனை கிடையாது. ஆகவே அது கூடுதல் கட்டுப்பாடு ஆகிறது. ஒரு பக்கத்துக்குப் பணிந்தால் மறுபக்கத்தை மீற வேண்டிவரும்.

இந்த விளம்பர நிபந்தனை கலிஃபோர்னியாவின் பெர்க்லி பல்கலைக்கழகம் வெளியிட்ட பழைய பிஎஸ்டி உரிமத்திலிருந்து வந்தது. ஒரு நன்றி வாசகம் பெரிய சுமை இல்லை. ஆனால் அந்த உரிமத்தைப் பின்பற்றியவர்கள் பெர்க்லியின் பெயரை எடுத்துவிட்டுத் தங்கள் பெயரைப் போட்டுக்கொண்டார்கள்; வாசகங்கள் பெருகின. 1997-ஆம் ஆண்டின் நெட்பிஎஸ்டி பதிப்பு ஒன்றில் இப்படி 75 வாசகங்களை எண்ணியதாக ரிச்சர்ட் ஸ்டால்மன் எழுதியிருக்கிறார். அந்த இயங்குதளத்துக்குச் சிறு விளம்பரம் கொடுக்க நினைப்பவர் பக்கம் முழுக்க நன்றி சொல்ல வேண்டும். 1999 ஜூலையில் பெர்க்லி தன் நிரல்களிலிருந்து இந்த நிபந்தனையை நீக்கிவிட்டது. ஆனால் பெர்க்லி நீக்கியது பெர்க்லிக்குச் சொந்தமானதை மட்டுமே. ஓப்பன்எஸ்எஸ்எல்லில் இருந்த நிபந்தனை அதை எழுதியவர்களுடையது; அது அப்படியே நின்றது.

டைனமிக் லிங்கிங்கில் லைப்ரரியின் ஒரு பைட்கூட நிரலின் கோப்புக்குள் வருவதில்லையே, பிறகு எப்படி இரண்டும் ஒரே படைப்பாகும் என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. இதில் வழக்கறிஞர்களிடையே இன்றும் ஒருமித்த கருத்து கிடையாது. ஜிபிஎல்லை எழுதிய கட்டற்ற மென்பொருள் அறக்கட்டளை, ஒரே நினைவகப் பரப்பில் ஒன்றையொன்று அழைத்துக்கொண்டு இயங்குபவை ஒரே படைப்புதான் என்கிறது. இரண்டு தனி நிரல்கள் பைப் வழியாகவோ சாக்கெட் வழியாகவோ செய்தி பரிமாறிக்கொண்டால் பெரும்பாலும் அவை தனித்தனிப் படைப்புகள் என்றும் சொல்கிறது. டெபியன் இந்த விளக்கத்தை ஏற்று நடந்தது. நீதிமன்றம் என்ன சொல்லும் என்று ஊகிப்பதைவிட, நிரலை எழுதியவர் என்ன நினைத்து அனுமதி தந்தாரோ அதை மதிப்பது மேல் என்ற நிலைப்பாடு அது. இதை வீண் சட்ட நுணுக்கம் என்று தள்ளுபவர்களோடு எனக்கு உடன்பாடு இல்லை. ரீட்லைனுக்குக் காசு கொடுத்தவர் யாருமில்லை. அதைத் தந்தவர்கள் கேட்டது இந்த ஒரு நிபந்தனையைத்தான்.

ஜிபிஎல்லுக்குள்ளேயே ஒரு வழி திறந்திருக்கிறது. குனூ திட்டம் தொடங்கிய காலத்தில் அதன் நிரல்கள் பெரும்பாலும் நிறுவனங்களின் மூடிய யூனிக்ஸ் இயங்குதளங்களில்தான் ஓடின. அந்த இயங்குதளத்தின் அடிப்படை லைப்ரரிகளோடு இணைக்காமல் எந்த நிரலும் ஓடாது. அதனால் இயங்குதளத்தின் முக்கியக் கூறுகளோடு வழக்கமாக வருபவற்றுக்கு மூலநிரல் தர வேண்டியதில்லை என்று மூன்றாம் பிரிவில் விலக்கு கொடுத்தார்கள். கையோடு ஒரு கொக்கியையும் மாட்டினார்கள்: அந்தக் கூறு நிரலோடு கூடவே விநியோகிக்கப்பட்டால் இந்த விலக்கு செல்லாது. வெளியாள் ஒருவர் ஒரு நிரலை மட்டும் தந்தால் விலக்கு உண்டு. இயங்குதளத்தையே தருபவர் நிரலையும் லைப்ரரியையும் ஒரே களஞ்சியத்தில் வைத்துத்தான் தருகிறார். அவருக்கு இல்லை என்றது டெபியன். இன்னொரு லினக்ஸ் இயங்குதளமான ஃபெடோராவோ, ஓப்பன்எஸ்எஸ்எல்லை இயங்குதளத்தின் அங்கமாகக் கருதி விலக்கைப் பயன்படுத்திக்கொண்டது. ஒரே வாக்கியத்தை நேர்மையான இரண்டு குழுக்கள் இரண்டு விதமாகப் படித்தன. அதனால் ஒரே மூலநிரலிலிருந்து இரண்டு விதமான பொதிகள் பிறந்தன.

பிஎஸ்க்யூஎல்லின் கதை எப்படி முடிந்தது தெரியுமா? ரீட்லைனுக்குப் பதில் பொருத்தப்பட்டது பிஎஸ்டி வழிவந்த லிப்எடிட். உரிமச் சிக்கல் தீர்ந்தது. ஆனால் அன்றைய லிப்எடிட்டுக்கு யூடிஎஃப்-8 தெரியாது. புகார்கள் குவிந்தன. டெபியனின் போஸ்ட்கிரெஸ் பொதியாளர்கள் ஒரு வழி கண்டார்கள். டெபியனில் பிஎஸ்க்யூஎல் என்று தட்டினால் நேராக அந்த நிரல் ஓடாது. சரியான பதிப்பைத் தேர்ந்தெடுக்கும் சிறிய பெர்ல் உறை நிரல் ஒன்று முதலில் ஓடும். பயனரின் கணினியில் ரீட்லைன் இருக்கிறதா என்று அந்த உறை தேடும். இருந்தால், ‘இதை முதலில் ஏற்று’ என்று லோடருக்குச் சொல்லும் எல்டி-ப்ரீலோட் என்ற சூழல் மாறியில் அதன் பெயரை எழுதிவிட்டுப் பிறகு பிஎஸ்க்யூஎல்லை அழைக்கும். லிப்எடிட்டும் ரீட்லைனும் ஒரே பெயரில் செயல்கூறுகளைத் தருவதால், முதலில் ஏறிய ரீட்லைன் வேலையை எடுத்துக்கொள்ளும்.

இதில் உரிமம் மீறப்படவில்லையா? நிரலை இயக்கும் செயலுக்கு எந்தத் தடையும் இல்லை என்று ஜிபிஎல் வெளிப்படையாகவே சொல்கிறது. நிபந்தனைகள் பிரதி எடுத்துப் பிறருக்குக் கொடுப்பதற்குத்தான். டெபியன் கொடுத்தது லிப்எடிட்டோடு இணைந்த நிரலை. ரீட்லைனும் ஓப்பன்எஸ்எஸ்எல்லும் ஒன்றுசேர்ந்தது பயனரின் வீட்டில், பயனரின் கையால். உரிமங்கள் ஒத்துப்போகின்றனவா என்ற கேள்வியை வெறும் கோப்புகளைப் பார்த்து முடிவு செய்ய முடியாது என்பதற்கு இதைவிடத் தெளிவான உதாரணம் எனக்குத் தெரியவில்லை. என்ன சேர்க்கப்பட்டது என்பதோடு, யார் சேர்த்தார், சேர்த்ததை யாருக்குக் கொடுத்தார் என்றும் கேட்க வேண்டும்.

இதே தர்க்கம்தான் இசட்எஃப்எஸ் கோப்பு முறைமைக்கும். அது சன் நிறுவனத்தின் சிடிடிஎல் உரிமத்தில் வந்தது. லினக்ஸ் கெர்னல் ஜிபிஎல் 2. டெபியன் அதன் மூலநிரலை மட்டும் கொடுக்கிறது; கெர்னலுக்கான மாட்யூல் பயனரின் கணினியிலேயே கம்பைல் ஆகும். கெனானிக்கல் நிறுவனம் 2016-இல் உபுண்டு 16.04-உடன் அதைக் கம்பைல் செய்தே கொடுத்தது. அது உரிம மீறல் என்று சாஃப்ட்வேர் ஃப்ரீடம் கன்சர்வன்சி வெளிப்படையாகச் சொன்னது.

லைப்ரரியை மாற்றிக்கொள்வது இன்னொரு வழி. குனூடிஎல்எஸ் என்ற மறையாக்க லைப்ரரி, ஜிபிஎல்லின் தளர்த்திய வடிவமான எல்ஜிபிஎல் உரிமத்தில் உருவானதே, ஜிபிஎல் நிரல்கள் தயக்கமின்றிப் பயன்படுத்தத்தான். இணையப் பரிமாற்றத்துக்கான கர்ல் லைப்ரரியை டெபியன் பல ஆண்டுகளாக ஒன்றுக்கு மேற்பட்ட வடிவங்களில் தருகிறது. ஒன்று ஓப்பன்எஸ்எஸ்எல்லோடு, ஒன்று குனூடிஎல்எஸ்ஸோடு. கிட் மென்பொருள் ஜிபிஎல் 2 மட்டும் என்பதால் டெபியனின் கிட் இணைந்திருப்பது இரண்டாவதோடு.

ஆனால் அங்கேயும் நிம்மதி நிலைக்கவில்லை. 2011-இல் குனூடிஎல்எஸ் மூன்றாம் பதிப்பு எல்ஜிபிஎல் 3-க்கு மாறியது. ‘ஜிபிஎல் 2 அல்லது அதற்குப் பிந்தைய பதிப்பு’ என்று எழுதியிருக்கும் நிரல்களுக்கு அதனால் பாதிப்பில்லை. அவை மூன்றாம் பதிப்பைத் தேர்ந்துகொள்ளலாம். ‘2 மட்டும்’ என்ற நிரல்கள் மாட்டிக்கொண்டன. உரிம அறிவிப்பில் ‘அல்லது பிந்தையது’ என்று இருக்கிறதா, இல்லையா என்பதில்தான் ஒரு நிரலின் இருபதாண்டு எதிர்காலம் இருக்கிறது. டெபியன் பழைய குனூடிஎல்எஸ் 2.12-ஐயே இழுத்துப் பிடித்துக்கொண்டிருந்தது. 2013-இல் குனூடிஎல்எஸ் எல்ஜிபிஎல் 2.1-க்குத் திரும்பி வந்தது. அப்போதும் வழி முழுதாகத் திறக்கவில்லை. குனூடிஎல்எஸ் நெட்டில் லைப்ரரியை நம்பியிருக்கிறது, நெட்டில் ஜிஎம்பியை. மிகப் பெரிய எண்களைப் பெருக்கவும் வகுக்கவும் உதவும் கணித லைப்ரரியான ஜிஎம்பி எல்ஜிபிஎல் 3-இல் இருந்தது. 2014 மார்ச்சில் ஜிஎம்பி 6.0, எல்ஜிபிஎல் 3 அல்லது ஜிபிஎல் 2, எது வேண்டுமோ எடுத்துக்கொள்ளுங்கள் என்று இரட்டை உரிமத்தோடு வெளிவந்த பிறகுதான் முடிச்சு அவிழ்ந்தது. கிட், கர்ல், குனூடிஎல்எஸ், நெட்டில், ஜிஎம்பி: ஐந்தாவது படியில் கிடக்கும் ஒரு பெருக்கல் லைப்ரரியின் உரிமம் முதல் படியில் இருக்கும் நிரலின் கழுத்தைப் பிடிக்கிறது. பொதியாளர்கள் இதையெல்லாம் பெரும்பாலும் ஊதியமின்றி, கோப்பு கோப்பாகத் திறந்து படித்து, ஒவ்வொரு பொதியிலும் பதிப்புரிமைக் கோப்பு ஒன்றை எழுதி வைக்கிறார்கள். சென்னை சி-டாக்கில் உருவான பாஸ் லினக்ஸ் டெபியனின் மேல் கட்டப்பட்டது. அதைப் போன்று டெபியனிலிருந்து கிளைத்த எல்லா இயங்குதளங்களும் இந்த உழைப்பின் பயனைக் கேட்காமலே பெறுகின்றன.

மூன்றாவது வழி, சிறப்பு அனுமதி. ‘என் நிரலை ஓப்பன்எஸ்எஸ்எல்லோடு இணைத்து விநியோகிக்கலாம்’ என்று ஜிபிஎல் நிரலின் உரிமையாளரே கூடுதலாக ஒரு பத்தி எழுதிவிடலாம். டபிள்யூகெட் நிரலுக்கு அப்படி உண்டு. தனியொருவர் எழுதிய நிரல் என்றால் ஒரு மின்னஞ்சலில் வேலை முடியும். நூறு பேர் எழுதியதென்றால் நூறு பேரும் சம்மதிக்க வேண்டும். பலர் கவனிக்காமல் விடும் இன்னொரு விஷயமும் உண்டு: உங்கள் நிரலுக்கு நீங்கள் தரும் விலக்கு உங்களுடையதற்கு மட்டுமே. அதே நிரலோடு வேறொருவரின் ஜிபிஎல் லைப்ரரியும் இணைந்திருந்தால், அவர் சார்பில் விலக்களிக்க உங்களுக்கு அதிகாரம் இல்லை.

இந்த உரிமக் கணக்கை நிரலுக்கே சொல்லிக்கொடுத்தவர்களும் இருக்கிறார்கள். வீடியோவைக் கையாளும் எஃப்எஃப்எம்பெக் அடிப்படையில் எல்ஜிபிஎல். எக்ஸ்264 லைப்ரரி வேண்டுமென்றால் ஜிபிஎல் விருப்பத்தை இயக்கச் சொல்லி அதன் கட்டமைப்பு நிரல் கேட்கும். இயக்காவிட்டால் அங்கேயே நின்றுவிடும். ஜிபிஎல்லோடு ஒத்துப்போகாத எஃப்டிகே-ஏஏசி லைப்ரரியையும் சேர்க்கச் சொன்னால், ‘நான்ஃப்ரீ’ விருப்பத்தையும் இயக்க வேண்டும். எல்லாம் கம்பைல் ஆகும், வீடியோவும் அருமையாக ஓடும். ஆனால் உரிமம் என்ற இடத்தில், இது கட்டற்றதல்ல, மறுவிநியோகம் செய்யக் கூடாதது என்று அது அறிவித்துவிடும். உங்கள் கணினியில் வைத்துக்கொள்ளலாம். அடுத்தவருக்குத் தரக் கூடாது.

ஓப்பன்எஸ்எஸ்எல் தன் பங்குக்கு மாற முடிவெடுத்தது. அபாச்சே 2.0 உரிமத்துக்குப் போகிறோம் என்று 2015-இல் அறிவித்து, 2017 மார்ச்சில் ஏறக்குறைய 400 பங்களிப்பாளர்களுக்கு மின்னஞ்சல் அனுப்பியது. பதில் வராவிட்டால் ஆட்சேபணை இல்லை என்று எடுத்துக்கொள்வோம் என்று அதில் இருந்த வரி பெரும் சர்ச்சையானது. மௌனம் சம்மதம் என்பது பதிப்புரிமையில் செல்லாது என்ற எதிர்ப்பாளர்களின் வாதமே எனக்குச் சரியாகப் படுகிறது. அடுத்தவரின் உரிமத்தை எழுத்துக்கு எழுத்து மதிப்பதற்காகத்தான் இத்தனை பாடும். 2020 அக்டோபரில் டெபியனின் களஞ்சியப் பொறுப்பாளர்கள், ஓப்பன்எஸ்எஸ்எல்லை இயங்குதள லைப்ரரியாக இனி ஏற்கலாம் என்ற நிலைக்கு வந்தார்கள். புதிய உரிமத்தோடு ஓப்பன்எஸ்எஸ்எல் 3.0 வெளியானது 2021 செப்டம்பர் 7 அன்று. அபாச்சே 2.0 ஜிபிஎல் 3-உடன் ஒத்துப்போகும். ஜிபிஎல் 2-உடன் ஒத்துப்போகாது என்பது அறக்கட்டளையின் கருத்து, காப்புரிமை பற்றிய அதன் நிபந்தனைகள் காரணமாக. ‘2 மட்டும்’ நிரல்களுக்கு, விலக்கை நம்பாவிட்டால், பழைய நிலைமைதான்.

கன்டெய்னர்கள் வந்த பிறகு பொதியாளர் என்ற பெயரே தெரியாமல் பலர் பொதியாளர்கள் ஆகிவிட்டார்கள். டாக்கர் இமேஜ் ஒன்றைக் கட்டிப் பொதுக் களஞ்சியத்தில் ஏற்றுபவர், அதற்குள் இருக்கும் ஒவ்வொரு லைப்ரரியையும் விநியோகிக்கிறார். நிரலும் லைப்ரரியும் ஒரே பெட்டிக்குள் கூடவே போவதால், ஜிபிஎல் 2-இன் அந்தக் கொக்கி அங்கே நேராகவே மாட்டும். ரஸ்ட், கோ மொழிகளில் ஸ்டாட்டிக் லிங்கிங் வழக்கமாகிவிட்டதால் எல்டிடி கட்டளையைக் கொடுத்தால் ஏறக்குறைய ஒன்றும் தெரியாது. நூற்றுக்கணக்கான சார்புகள் ஒரே கோப்புக்குள் கரைந்திருக்கும். ரஸ்ட் உலகில் ‘எம்ஐடி அல்லது அபாச்சே 2.0’ என்ற இரட்டை உரிமம் பரவலாக இருப்பது இந்தப் பழைய மோதலைத் தவிர்க்க உதவுகிறது: ஜிபிஎல் 2 நிரலாளர் எம்ஐடியைத் தேர்ந்துகொள்ளலாம். எல்ஜிபிஎல்லுக்குத்தான் அங்கே கஷ்டம். லைப்ரரியின் திருத்திய பதிப்பைப் பயனர் மாற்றிப் பொருத்திக்கொள்ள வழி இருக்க வேண்டும் என்பது அதன் நிபந்தனை. டைனமிக் லிங்கிங்கில் லைப்ரரிக் கோப்பை மாற்றினாலே போதும். ஸ்டாட்டிக்கில், மூடிய நிரலை விற்பவர்கூடத் தன் ஆப்ஜெக்ட் கோப்புகளையாவது கொடுத்தாக வேண்டும், பயனர் மறுபடி லிங்க் செய்துகொள்வதற்காக. அப்படிக் கொடுக்க ஏற்பாடு செய்து வைத்திருக்கிறோமா என்பதைப் பொதியைக் கட்டும் நாளிலேயே பார்த்துக்கொள்ள வேண்டும். பயனர் கேட்டு வரும்போது பழைய ஆப்ஜெக்ட் கோப்புகள் யாரிடமும் இருக்காது.